மெக்கானிக்கலிலிருந்து கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு மாற முடியுமா?

கேள்வி: ஐயா, எனக்கு ஊர் பேரணாம்பட்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். கட்-ஆஃப் 158. இப்போது வேலூருக்குப் பக்கத்தில், அண்ணா பல்கலைக்கழக இணைப்புப் பெற்ற ஒரு சுயநிதிக் கல்லூரியில் மெக்கானிக்கல் முதலாண்டு, இரண்டாவது செமஸ்டர். கவுன்சலிங்கில் என் முறை வந்தபோது இந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் முடிந்துவிட்டிருந்தது. முதல் பட்டதாரி சலுகையில் படிக்கிறேன். அப்பா இல்லை. அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறார். முதல் செமஸ்டரில் 8.3, அரியர் இல்லை, பைத்தான் பாடத்தில் உச்ச கிரேடான 'ஓ'. இந்த செமஸ்டரில் இன்ஜினியரிங் கிராபிக்ஸ் (வரைபடப் பாடம்) சுத்தமாக வரவில்லை. சென்னையில் ஐடியில் இருக்கும் மாமா (அக்கா வீட்டுக்காரர்), "மெக் படித்தால் பிழைப்பு இல்லை, எப்படியாவது மாறிவிடு" என்கிறார். எச்ஓடியிடம் (துறைத் தலைவர்) கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார். கிண்டியில், பல்கலைக்கழகப் பக்கம் தனக்கு ஆள் இருப்பதாகவும், ஒன்றரை லட்சம் கொடுத்தால் மாற்றித் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். அம்மா நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். மாற முடியுமா? முடியாவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு மறுபடி கவுன்சலிங் போகலாமா? பெயர் வேண்டாம்.

பதில்:

தம்பி, முதலில் நகை விஷயம். அடகுக் கடைப் பக்கம் போக வேண்டாம் என்று அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. மற்றதெல்லாம் அப்புறம்.

நான் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். முதலாண்டு ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் பார்த்திருக்கிறேன், அதனால் பிராஞ்ச் மாற்ற விண்ணப்பங்கள் என் மேசையைத் தாண்டித்தான் போகும். கிண்டியில் ஆள் வைத்திருப்பவர்களும் ஒவ்வொரு வருடமும் வருவார்கள். அவர்கள் தொழில் எப்படி நடக்கிறது தெரியுமா? பத்துப் பையன்களிடம் பணம் வாங்குவார்கள். அதில் இரண்டு மூன்று பேருக்குச் சொந்த மதிப்பெண்ணிலேயே இடம் கிடைத்துவிடும். "பார்த்தீங்களா, முடிச்சுக் கொடுத்தேன்" என்று அந்தப் பணத்தை வைத்துக்கொள்வார்கள். மீதிப் பேரிடம் "மேலே ஆபீசர் மாறிட்டாரு" என்று மாதக்கணக்கில் இழுத்து, பாதியைத் திருப்பிக் கொடுப்பார்கள். கோப்பு எதையும் அவர்கள் தொடுவதுகூட இல்லை. காலி இடம் இருந்து உனக்குத் தகுதியும் இருந்தால் அந்த ஆள் இல்லாமலே உன் கோப்பு நகரும். இடம் இல்லையென்றால் யாராலும் நகர்த்த முடியாது.

இதே மாதிரிப் பணத்தைக் கல்லூரியில் யாராவது கேட்டால் ரசீது கேள். கட்டாய நன்கொடை வாங்குவதற்கு எதிரான சட்டம் தமிழ்நாட்டில் 1992-லிருந்து இருக்கிறது. ரசீது கொடுக்க முடியாத பணம் என்ன பணம் என்று உனக்கே புரிந்துவிடும்.

சரி, இடம் எப்படிக் காலியாகிறது என்று பார்ப்போம். உன் கேள்விக்கான பதில் பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கிறது. நல்ல மார்க் எடுத்தால் மாற்றிவிடுவார்கள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். மார்க் உன்னை வரிசையில் முன்னால் நிறுத்தும், அவ்வளவுதான். வரிசை நகர வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் சயன்ஸ் வகுப்பிலிருந்து யாராவது வெளியே போக வேண்டும். யார் போவார்கள்? நீட் மறுபடி எழுதி மருத்துவமோ பல் மருத்துவமோ கிடைத்தவர்கள். குடும்பம் வேறு ஊருக்குப் போனதால் கல்லூரி மாறுகிறவர்கள். படிப்பு ஏறாமல் முதலாண்டோடு நிற்கிறவர்கள். அறுபது பேர் வகுப்பில் இப்படி இரண்டு பேர் போனாலே அதிகம். எல்லோரும் விரும்பி வந்த பிராஞ்ச், யார் விட்டுவிட்டுப் போவார்கள்?

அந்த ஒன்றிரண்டு இடத்துக்கும் நீ மட்டும் போட்டியில்லை. உன் வகுப்பில், சிவிலில், ட்ரிபிள்-இயில் என்று விண்ணப்பிக்கிறவர்கள் ஒரு பக்கம். பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வருகிறவர்கள் இன்னொரு பக்கம். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் பத்து சதவீதம் அவர்களுக்கென்றே உண்டு. அதோடு, முதலாண்டில் நிரம்பாமல் போன இடங்களும் அவர்கள் கணக்கில்தான் சேரும்.

உனக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது. 2024-25லிருந்து, தரமாக நடக்கும் கல்லூரிகள் ஒரு பிராஞ்சில் எத்தனை இடம் வரை வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. அதனால் பல கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயன்ஸில் ஒரு செக்‌ஷனுக்கு இரண்டாகச் சேர்த்தன. செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயன்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று புதுப்பெயர்களில் உறவுக்காரப் படிப்புகளும் வந்தன. பெரிய கல்லூரிகளில் எல்லாம் நிரம்பிவிடும். நடுத்தரக் கல்லூரிகளில் சில செக்‌ஷன்கள் நிரம்பாமல் ஓடுகின்றன. உன் கல்லூரி எந்த வகை என்று தெரிந்துகொள்ள யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸிலும் அதன் உறவுப் படிப்புகளிலும் இருக்கும் நண்பர்களிடம், அவர்கள் வருகைப் பதிவேட்டில் கடைசி எண் என்ன, அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை என்று கேட்டால் போதும்.

எச்ஓடி ஏன் "பார்க்கலாம்" என்கிறார் என்பதையும் சொல்கிறேன், அவர் மேல் கோபப்படாதே. இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏஐசிடிஇ கணக்கு. மெக்கானிக்கல் வகுப்பு ஏற்கெனவே பல கல்லூரிகளில் பாதிதான் நிரம்புகிறது. நன்றாகப் படிக்கும் பையன்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினால் அவர் துறையில் ஓர் ஆசிரியரின் வேலைக்கே ஆபத்து. நாளைக்கு உன்னைப் போகாமல் நிறுத்தப் பார்ப்பவரும் அவர்தான், நீ இங்கேயே இருந்துவிட்டால் உன்னைத் தூக்கிவிடப் போகிறவரும் அவர்தான். அவரிடம் மெக்கைக் குறைசொல்லிப் பேசாதே. "கம்ப்யூட்டர் பாடத்தில் ஆர்வம் இருக்கிறது சார், விண்ணப்பம் போட்டுப் பார்க்கிறேன், கிடைக்காவிட்டால் இங்கேயே நன்றாகப் படிப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துக் கேள்.

விதி ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. உன்னைப் போல இணைப்புக் கல்லூரியில் இருப்பவர்களுக்கு முதல்வர் சம்மதித்தால் மட்டும் போதாது, கல்லூரிக்கு வெளியே மேலிட ஒப்புதலும் வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் அந்தந்தப் பல்கலைக்கழகம் வைத்ததுதான் விதி. காட்பாடியில் அப்படியொரு பல்கலைக்கழகத்தில் படிக்கும் நண்பன் யாராவது சொன்னால், அதை உன் கல்லூரிக்குப் பொருத்திப் பார்க்காதே. ஐஐடிகளில் முதலாண்டு மதிப்பெண் வரிசைப்படி மாற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இதற்காகவே பிள்ளைகள் முதலாண்டு முழுக்கப் பதறிச் சாகிறார்கள் என்று சில ஐஐடிகள் அண்மை ஆண்டுகளில் அந்த வழியையே மூடிவிட்டன. அங்கேயே அந்த நிலைமை என்றால் பார்த்துக்கொள்.

ஆகவே கல்லூரி அலுவலகத்தில் போய் வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால், விண்ணப்பம் எந்த மாதம் வாங்குவார்கள், முதலாண்டுத் தாள்கள் எல்லாவற்றையும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டுமா, கவுன்சலிங் இடத்தில் வந்தவன் கவுன்சலிங் இடத்துக்குத்தான் மாற முடியுமா, மாறினால் முதல் பட்டதாரி சலுகை தொடருமா. கடைசிக் கேள்வியை மறக்கவே மறக்காதே. அந்தச் சலுகை ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தவர்களுக்கு உள்ளது. உன்னை மேனேஜ்மென்ட் இடத்தில் போட்டு மாற்றினால் சலுகை போய், கட்டணமும் கூடும். "மாத்திட்டோம்பா" என்று சொல்லும்போது இதைச் சொல்ல மாட்டார்கள், ஃபீஸ் சலான் வரும்போதுதான் தெரியும்.

இப்போது கிராபிக்ஸ். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றிய சந்தேகம், நீ கம்ப்யூட்டர் சயன்ஸை நோக்கிப் போகிறாயா, கிராபிக்ஸைவிட்டு ஓடுகிறாயா என்பதுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் (பாடத்திட்டத்தில்) இன்ஜினியரிங் கிராபிக்ஸ் இரண்டாம் செமஸ்டரில் கம்ப்யூட்டர் சயன்ஸ் பிள்ளைகளுக்கும் உண்டு! அவர்களும் அதே டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டுதான் அலைகிறார்கள். பிராஞ்ச் மாறினாலும் அந்தத் தாள் உன்னை விடாது. அதில் அரியர் விழுந்தால் மாற்ற விண்ணப்பமே அடிபடலாம். அந்தத் தாளில் தேற ஒரே வழி கையால் போட்டுப் பழகுவதுதான். புரொஜெக்‌ஷன் ஆஃப் சாலிட்ஸில்தான் பெரும்பாலும் எல்லோரும் மாட்டுவார்கள். தினமும் ஒரு படம், நேரம் வைத்து, முழுக்கப் போட்டு முடி. பாதிப் படத்தோடு விட்டுவிட்டு விடையைப் பார்க்கிற பழக்கம்தான் அந்தத் தாளில் பையன்களைக் கவிழ்க்கிறது.

பைத்தானில் 'ஓ' வாங்கியது நல்ல அறிகுறி, சந்தேகமில்லை. ஆனால் முதல் செமஸ்டர் பைத்தான் என்பது வாசல்படிதான். அதே விதிமுறைப்படி கம்ப்யூட்டர் சயன்ஸ் வகுப்பில் மூன்றாம் செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஸ்கிரீட் மேத்ஸ், டிஜிட்டல் பிரின்சிபிள்ஸ் வரும். நான்காவதில் அல்காரிதம்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன். கடைசியாகச் சொன்னது கோட் எழுதும் பாடமே இல்லை, முழுக்க நிரூபணக் கணக்கு. "கோடிங் பிடிக்கும்" என்று மாறி வந்து, அந்த இரண்டு செமஸ்டரில் முகம் சுண்டிப்போன பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறேன். மாறி வருகிறவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. கம்ப்யூட்டர் சயன்ஸில் இரண்டாம் செமஸ்டரிலேயே சி நிரலாக்கம் முடித்திருப்பார்கள், உனக்கு அது கிடையாது. நீ மாறினால் அதைப் பின்னால் சேர்த்து எழுத வேண்டிவரும். அதே நேரத்தில் வகுப்பில் ஆசிரியர், சி தெரியும் என்று வைத்துக்கொண்டு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் நடத்துவார்.

அதனால் விண்ணப்பம் போடும் முன்பே நீயே சோதித்துப் பார்த்துவிடலாம், காசு செலவில்லை. ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் இணையவழிப் பாடத்தளமான என்பிடிஇஎல்லில் சென்னைக் கணிதவியல் கழகப் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்திய, பைத்தான் வழியாக நிரலாக்கமும் டேட்டா ஸ்ட்ரக்சரும் அல்காரிதமும் சொல்லிக்கொடுக்கும் எட்டு வாரப் பாடம் ஒன்று இருக்கிறது. காணொளியைப் பார்க்கப் பணம் வேண்டாம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ் வழியில் படித்த உனக்கு முதல் இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், நிறுத்தி நிறுத்திப் பார். வாராவாரம் கொடுக்கும் பயிற்சியை நண்பன் விடையைப் பார்க்காமல் போடு. ஐந்தாம், ஆறாம் வாரத்தில் விடை வராமல் ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்திருக்கும்போது எரிச்சல் வருகிறதா, இல்லை இன்னும் கொஞ்சம் முயன்றால் வந்துவிடும் என்று தோன்றுகிறதா? மாமா சொல்வதைவிட, நான் சொல்வதைவிட, அது உனக்குச் சரியான பதிலைச் சொல்லும். எரிச்சல்தான் என்றால் உனக்குப் பிடித்தது சம்பளம், பாடம் இல்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அம்மா ஷூ கம்பெனியில் நின்று சம்பாதிக்கும் வீட்டில் சம்பளத்தை நினைக்காமல் யார் படிப்பார்கள்? ஆனால் சம்பளத்துக்கு வேறு வழிகளும் உண்டு.

நிறுத்திவிட்டு மறுபடி கவுன்சலிங் போவது பற்றிக் கேட்டிருந்தாய். வேண்டாம். பழைய மாணவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் உன் பிளஸ் டூ மார்க் அதே 158 கட்-ஆஃபில்தான் நிற்கும், அதை வைத்துப் புதிதாக வரும் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வேண்டும். போன வருடம் இந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைக்காதவனுக்கு இந்த வருடம் கிடைக்கும் என்று நம்ப என்ன காரணம் இருக்கிறது? வேறு கல்லூரியில் கிடைக்கும் என்பாய். போன வருடமும் கிடைத்திருக்குமே! விருப்பப் பட்டியலை நீளமாகப் போட்டிருந்தால், உனக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் வந்திருக்கும். நீ பக்கத்தில் இருக்கும் கல்லூரியை எடுத்தாய், அது நல்ல முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு வருடப் படிப்பும், கட்டிய பணமும், நீ சம்பாதிக்க ஆரம்பிக்க வேண்டிய ஒரு வருடமும் போகும். முதல் பட்டதாரி சலுகை இரண்டாம் முறை எப்படி என்று எழுத்தில் பதில் கிடைக்காமல் அந்தப் பக்கம் திரும்பவே கூடாது.

இரண்டாம் ஆண்டில் கல்லூரியே மாறி, கம்ப்யூட்டர் சயன்ஸ் காலியாகக் கிடக்கும் இடத்துக்குப் போவதை ஒரு குறுக்குவழியாகச் சிலர் சொல்வார்கள். காலியாக ஏன் கிடக்கிறது என்று ஒரு நடை நேரில் போய்ப் பார். லேபில் எத்தனை கம்ப்யூட்டர் ஓடுகிறது, போன வருடம் எந்தக் கம்பெனி வந்து எத்தனை பேரை எடுத்தது என்று கடைசி வருடப் பையன்களிடம் கேட்டால் உண்மை தெரியும். ஆசிரியர் நிலைக்காத கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிப்பதைவிட, ஓரளவு ஒழுங்காக நடக்கும் கல்லூரியில் மெக் படிப்பது மேல். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

சரி, மாற்றம் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வாய்ப்பும் அதற்குத்தான் அதிகம். மாமாவிடம் ஒன்று கேள். அவர் டீமில் இருப்பவர்கள் என்ன படித்தவர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல். மெக், சிவில், ட்ரிபிள்-இ, பிஎஸ்சி கணிதம் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். பெரிய ஐடி சேவை நிறுவனங்கள் வளாகத் தேர்வில் பிராஞ்ச் பார்ப்பதில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டப்படிப்பு மூன்றிலும் அறுபது சதவீதம், நிலுவை அரியர் கூடாது, அவர்கள் வைக்கும் தேர்வில் தேற வேண்டும், அவ்வளவுதான் பெரும்பாலும் நிபந்தனை. மறைக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. சொந்தமாக மென்பொருள் செய்யும் சில நிறுவனங்கள் கம்ப்யூட்டர், ஐடி, இசிஇ, ட்ரிபிள்-இ பிள்ளைகளை மட்டும்தான் தேர்வுக்கே கூப்பிடும், நீ வெளியே நிற்க வேண்டிவரும். ஜெர்மனியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் மேற்படிப்பு என்றால் இளநிலையில் அந்தப் பாடங்களை எத்தனை கிரெடிட் படித்தாய் என்று எண்ணிப் பார்ப்பார்கள். பட்டத்தின் பெயருக்கு மதிப்பே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. சில கதவுகளில் மட்டும் அது சாவி.

அந்தக் கதவுகளையும் வேறு பக்கமிருந்து திறக்கலாம். 2021 விதிமுறையில் மைனர் பட்டம் என்று உண்டு. சொந்தப் பிராஞ்சைப் படித்துக்கொண்டே வேறு துறையின் பாடங்களில் கூடுதலாக 18 கிரெடிட் எடுத்தால் பட்டச் சான்றிதழில் அதுவும் வரும். நீ சேர்ந்த ஆண்டுக்கு எந்த விதிமுறை, உன் கல்லூரியில் அந்தப் பாடங்களை உண்மையில் நடத்துகிறார்களா என்று பார்க்க வேண்டும். ஏட்டில் இருக்கும், வகுப்பில் இருக்காது, அது நம் கல்லூரிகளில் சகஜம். இதைவிட உறுதியான வழி சென்னை ஐஐடியின் இணையவழி பிஎஸ் டேட்டா சயன்ஸ் படிப்பு. 2020-ல் ஆரம்பித்தார்கள். ஜேஇஇ வேண்டாம், நான்கு வாரம் பாடம் கொடுத்து ஒரு தகுதித் தேர்வு வைப்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்க யுஜிசி 2022-ல் அனுமதி கொடுத்துவிட்டதால் பி.இ. படித்துக்கொண்டே சேரலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. முழுப் பட்டமும் முடிக்க வேண்டுமென்று இல்லை, நடுவில் டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் சுமை சாதாரணமல்ல. மெக்கின் மூன்றாம் செமஸ்டரில் தெர்மோவும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸும் கழுத்தைப் பிடிக்கும்போது அதையும் தூக்க வேண்டும். செமஸ்டருக்கு ஒன்றிரண்டு பாடமாக எடு. அப்புறம், எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வு. மெக் படித்தவன் கம்ப்யூட்டர் சயன்ஸ் தாள் எழுதத் தடை இல்லை. மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம். 2024-லிருந்து டேட்டா சயன்ஸும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்த தாளும் வந்திருக்கிறது. அதில் நல்ல மதிப்பெண் எடுத்து எம்.டெக். போனால் அதன் பிறகு இளநிலையில் என்ன படித்தாய் என்று கேட்பவர்கள் குறைந்துவிடுவார்கள்.

மெக் படித்தால் பிழைப்பில்லை என்கிறாரே மாமா, அவருக்கும் ஒரு வார்த்தை. 2010-களின் நடுவில் கவுன்சலிங்கில் மெக்கானிக்கலுக்குத்தான் அடிதடி, கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்த பிள்ளைகளைப் பார்த்து உறவினர்கள் உச்சுக்கொட்டிய காலம் அது. இந்த விலைவாசி ஏறி இறங்கும். இன்றைக்கு மெக் வேலைகளின் ஆரம்பச் சம்பளம் குறைவு என்பது மெய்தான், மறுக்கவில்லை. அதே சமயம் உன் ஊரைச் சுற்றிப் பார். ராணிப்பேட்டையில் பெல் (பிஎச்இஎல்) நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலை இருக்கிறது. பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் 9,000 கோடி ரூபாய்க் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ரயில்வே, இஸ்ரோ, மின்வாரியம் என்று பொதுத்துறைத் தேர்வுகளில் மெக்கானிக்கலுக்குத் தனி இடங்கள் உண்டு. அம்மா போகும் தொழிலையே எடுத்துக்கொள், ஷூவின் பேட்டர்ன் போடுவது இன்று கம்ப்யூட்டரில், தோல் வெட்டுவது கணினி ஓட்டும் இயந்திரத்தில். அந்த இயந்திரத்தின் உள்ளும் தெரிந்து, அதை ஓட்டும் நிரலும் தெரிந்த ஆள் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பட்டறைகளில் அதிகம் இல்லை. பைத்தானில் 'ஓ' வாங்கிய மெக் பையன் என்பது அவ்வளவு மோசமான ஜாதகம் ஒன்றும் இல்லை, தம்பி.

இதையெல்லாம் சொன்னாலும் விண்ணப்பம் போடு என்றுதான் சொல்வேன். ஒரு தாள், ஒரு கையெழுத்து, இழக்க எதுவும் இல்லை. இந்த செமஸ்டர் முடிவுதான் வரிசையில் உன் இடத்தைத் தீர்மானிக்கும். 8.3 நல்ல மதிப்பெண், ஆனால் முன்வரிசை என்று சொல்ல மாட்டேன், ஒன்பதைத் தொடப் பார். விண்ணப்பத்தில் குடும்பக் கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதாதே, எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். இரண்டு செமஸ்டர் மதிப்பெண், அரியர் இல்லை என்ற வரி, பைத்தான் கிரேடு, என்பிடிஇஎல் சான்றிதழ் வாங்கியிருந்தால் அதன் நகல், கம்ப்யூட்டர் சயன்ஸ் இல்லாவிட்டால் ஐடியோ டேட்டா சயன்ஸோ சம்மதமா என்ற ஒரு வரி, இவ்வளவும் ஒரே பக்கத்தில் வரட்டும். கொடுத்ததற்கு அலுவலகத்தில் முத்திரை போட்ட நகல் வாங்கி வைத்துக்கொள். மூன்றாம் செமஸ்டர் வகுப்பு ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்துக்குள் பதில் வரவில்லையென்றால் வராது என்று எடுத்துக்கொண்டு, மெக் வகுப்பில் முழுதாக உட்கார். மாறப் போகிறோம் என்ற நினைப்பில் அக்டோபர் வரை தெர்மோ நோட்டையே வாங்காமல் இருந்து, இரண்டு பக்கமும் விட்ட பையன்கள் உண்டு.

மே, ஜூன் விடுமுறையில் சி படித்துவிடு. மாற்றம் கிடைத்தால் சேர்த்து எழுத வேண்டிய தாளுக்கு உதவும். கிடைக்காவிட்டால் ஐடி கம்பெனித் தேர்வில் கேட்பார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் விடுமுறையில் லேப் திறந்திருக்குமா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள், பரீட்சை முடிந்த மறுநாள் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.